வீட்டு சர்வர் வெளியிலிருந்து திறக்காதபோது எங்கே தேடுவது: புதியவர்களுக்கான வழிகாட்டி

வீட்டு அலமாரியின் மூலையில் ராஸ்பெர்ரி பை போன்ற சிறு கணினியை வைத்து, அதில் சொந்த வலைத்தளத்தை ஏற்றி, வீட்டிலுள்ள கைபேசியில் அது திறப்பதைப் பார்த்து மகிழ்ந்தபின், வெளியூரில் இருக்கும் நண்பருக்கு முகவரியை அனுப்பினால், “வட்டம் சுற்றிக்கொண்டே இருக்கிறது, எதுவும் வரவில்லை” என்று பதில் வருவது இந்தப் பணியில் இறங்கும் பெரும்பாலோருக்கு நேர்வதுதான். அந்த நேரத்துப் பதற்றத்தில், தேடிக் கிடைத்த ஐந்தாறு திருத்தங்களை ஒன்றன்மேல் ஒன்றாகச் செய்து, ஃபயர்வாலை (தேவையற்ற இணைப்புகளைத் தடுக்கும் காவல் நிரலை) அடியோடு அணைத்து, ரௌட்டரை ரீசெட் செய்து, முதலில் இருந்த பழுது எது என்பதே தெரியாத நிலைக்குப் பலர் வந்துவிடுகிறார்கள். நானும் அப்படித்தான் தொடங்கினேன். ஒரு முழு ஞாயிற்றுக்கிழமையை அதற்குப் பறிகொடுத்த பிறகுதான், கை வைப்பதற்கு முன்னால் கண்டுபிடிக்க வேண்டும் என்பது புரிந்தது.

வெளியிலிருந்து வரும் ஒரு கோரிக்கை நடந்து வரும் பாதை நீளமானது. பார்ப்பவரின் கருவி முதலில் உங்கள் டொமைன் பெயருக்கு உரிய ஐபி முகவரியை டிஎன்எஸ் வழியாகக் கேட்டறிகிறது. பிறகு அந்த முகவரியை நோக்கிப் புறப்படும் கோரிக்கை உங்கள் இணைய சேவை நிறுவனத்தின் வலையமைப்பைக் கடந்து, வீட்டு ரௌட்டரை அடைந்து, அங்கிருந்து சர்வருக்குத் திருப்பிவிடப்பட்டு, சர்வரின் ஃபயர்வாலைத் தாண்டி, எஞ்சின்எக்ஸ் அல்லது அப்பாச்சி போன்ற வலைச் சேவையின் கையில் போய்ச் சேர வேண்டும். இந்தப் பாதையில் கோரிக்கை எந்த இடத்தில் நிற்கிறது என்பதைக் கண்டறிவதுதான் வேலை. அதற்குச் சர்வரிலிருந்து தொடங்கி வெளிப்பக்கம் நோக்கி நடக்க வேண்டும். ஏனென்றால், உள்ளே சேவையே ஓடாதபோது ரௌட்டரில் எத்தனை மாற்றம் செய்தாலும் பயன் இராது. ஒரு நேரத்தில் ஒரே ஒரு மாற்றத்தை மட்டும் செய்து, பலன் இல்லையென்றால் அதை உடனே பழையபடி திருப்பி வையுங்கள். செய்தவற்றை ஒரு தாளில் நேரத்துடன் குறித்துவையுங்கள்.

இக்கட்டுரையில் ராஸ்பெர்ரி பை, டெபியன் இயங்குதளம், எஞ்சின்எக்ஸ், வீட்டு ஃபைபர் இணைப்பு ஆகியவற்றை எடுத்துக்காட்டாகக் கொள்கிறேன். பழைய மடிக்கணினியில் உபுண்டு, அப்பாச்சி என்று வைத்திருப்பவர்களுக்கும் முறை இதேதான்.

பிழைச் செய்தியை நிதானமாகப் படியுங்கள்

“திறக்கவில்லை” என்பது ஒரே நோயன்று. பிரவுசர் காட்டும் செய்தியைச் சொல்லுக்குச் சொல் எழுதிக்கொள்ளுங்கள். பாதி விடை அதிலேயே இருக்கிறது.

இணைப்பு மறுக்கப்பட்டது என்று உடனடியாகச் செய்தி வருவதும், நீண்ட நேரம் காத்திருந்து நேரம் முடிந்தது என்று செய்தி வருவதும் முற்றிலும் வேறான இரண்டு நிலைகள். முதலாவதில், கோரிக்கை ஏதோ ஓர் இயந்திரத்தை அடைந்துவிட்டது. அந்த போர்ட்டில் (ஒவ்வொரு சேவைக்கும் கணினியில் இருக்கும் எண்ணிட்ட வாசலில்) கேட்டுக்கொண்டிருக்கும் நிரல் எதுவும் இல்லாததால், அந்த இயந்திரமே “இங்கே யாரும் இல்லை” என்று நேர்மையாகப் பதில் அனுப்பியிருக்கிறது. கதவைத் தட்டியதும் பக்கத்து வீட்டார் எட்டிப் பார்த்து, “அவர்கள் ஊரில் இல்லை” என்று சொல்வதைப் போன்றது இது. இரண்டாவதில், தட்டத் தட்ட எந்தச் சத்தமும் இல்லை. கோரிக்கை வழியிலேயே தொலைந்திருக்கலாம், அல்லது ஒரு ஃபயர்வால் அதைப் பதிலின்றிக் கீழே போட்டிருக்கலாம். ஆகவே மறுப்பு வந்தால் சேவை ஓடுகிறதா, போர்ட் எண் சரியா என்பவற்றைப் பாருங்கள். நேரம் முடிந்தால் ஃபயர்வால், ரௌட்டர், சேவை நிறுவனம் ஆகியவற்றின் பக்கம் பாருங்கள். இதில் ஓர் எச்சரிக்கை உண்டு: சில ரௌட்டர்கள் திறக்கப்படாத போர்ட்டுகளுக்குத் தாமே மறுப்பு அனுப்பும் என்பதால், வெளியிலிருந்து பார்க்கும்போது வரும் மறுப்பு உங்கள் சர்வரிடமிருந்துதான் வந்தது என்று அடித்துச் சொல்லிவிட முடியாது.

பெயரையே கண்டுபிடிக்க முடியவில்லை என்றால் பழுது டிஎன்எஸ்ஸில் இருக்கிறது. தளத்தின் பாதுகாப்புச் சான்றிதழ் பற்றிய எச்சரிக்கை வந்தால் பாதை திறந்திருக்கிறது என்று பொருள். 403, 404, 502 போன்ற மூன்றிலக்க எண் ஒன்று வந்துவிட்டாலோ பெரும்பாலும் மகிழலாம். வழியில் எல்லாம் சரியாக இருக்கிறது, வலைச் சேவையே உங்களுடன் பேசுகிறது. 403 என்றால் கோப்புகளின் அனுமதியையும், 502 என்றால் எஞ்சின்எக்ஸ்ஸுக்குப் பின்னால் ஓட வேண்டிய செயலி நின்றுவிட்டதா என்பதையும் பார்த்தால் போதும். ரௌட்டரைத் தொட வேண்டிய தேவையே இல்லை.

சர்வருக்குள் இருந்தபடியே சோதியுங்கள்

சர்வரில் உட்கார்ந்து, சிஸ்டம்சிடிஎல் கட்டளையின் ஸ்டேட்டஸ் விருப்பத்தால் எஞ்சின்எக்ஸ் இயங்குகிறதா என்று பாருங்கள். நின்றிருந்தால், எஞ்சின்எக்ஸ் கட்டளையை டி என்னும் விருப்ப எழுத்துடன் இயக்குங்கள். அது கான்ஃபிக் கோப்பைப் படித்துப் பார்த்து, எந்த வரியில் அரைப்புள்ளி விடுபட்டிருக்கிறது என்பது வரை சொல்லிவிடும். டிஎஃப் கட்டளையால் வட்டில் இடம் இருக்கிறதா என்பதையும் பார்த்துவிடுங்கள், ஏனென்றால் லாக் கோப்புகள் பெருகி மெமரி கார்டு நிரம்பிய சர்வர் விதவிதமான பழுதுகளைக் காட்டும். அவற்றில் பல, இடமில்லை என்பதை நேரடியாகச் சொல்லாது. பிறகு கர்ல் கட்டளையால் 127.0.0.1 என்னும் முகவரியை அழையுங்கள். உங்கள் முகப்புப் பக்கத்தின் எச்டிஎம்எல் வரிகள் திரையில் ஓடினால் சேவை உயிருடன் இருக்கிறது.

அடுத்த சோதனையைப் பலர் தவறவிடுகிறார்கள். எஸ்எஸ் என்னும் கட்டளையை டி, எல், என், பி ஆகிய நான்கு விருப்ப எழுத்துகளுடன் நிர்வாகி உரிமையில் இயக்கினால், எந்த நிரல் எந்த முகவரியில், எந்த போர்ட்டில் காது கொடுத்துக் கேட்கிறது என்ற பட்டியல் வரும். அதில், வலைத்தளங்களுக்கு உரிய போர்ட்டுகளான 80 அல்லது 443 என்ற எண்ணுக்கு முன்னால் என்ன முகவரி இருக்கிறது என்று கவனியுங்கள். 0.0.0.0 என்று இருந்தால் எல்லா வழிகளிலிருந்தும் வரும் அழைப்புகளை அது ஏற்கும். 127.0.0.1 என்று இருந்தால், அந்த நிரல் அதே கணினிக்குள்ளிருந்து வரும் அழைப்புகளை மட்டுமே ஏற்கும். வீட்டின் அடுத்த அறையில் இருக்கும் கைபேசிக்குக்கூட அது பதில் சொல்லாது. ஃப்ளாஸ்க் போன்ற பைத்தான் சட்டகங்கள், பரிசோதனைக்கு ஓட்டும்போது இயல்பாகவே 127.0.0.1 முகவரியில்தான் எழும்; ஃப்ளாஸ்க்குக்கு உரிய போர்ட் 5000. அதை 0.0.0.0 என்று மாற்றிவிடச் சொல்லும் அறிவுரை இணையத்தில் ஏராளமாகக் கிடைக்கும். நான் அதைச் செய்யச் சொல்லமாட்டேன். பரிசோதனைக்கான அந்தச் சேவையை நேரடியாக உலகத்துக்குத் திறந்துவிடுவது ஆபத்து. அதை 127.0.0.1 முகவரியிலேயே விட்டுவிட்டு, முன்னால் எஞ்சின்எக்ஸ்ஸை நிறுத்தி, வரும் கோரிக்கைகளை அது உள்ளே கடத்துமாறு அமைப்பதே முறையானது.

வீட்டுக்குள் மற்றொரு கருவியிலிருந்து

இப்போது அதே வைஃபையில் உள்ள கைபேசியிலோ மடிக்கணினியிலோ சர்வரின் உள்வீட்டு முகவரியை, எடுத்துக்காட்டாக 192.168.1.20 என்பதை, பிரவுசரில் இட்டுப் பாருங்கள். இங்கே நேரம் முடிந்தால் முதல் சந்தேகம் சர்வரிலுள்ள ஃபயர்வால்மேல் விழ வேண்டும். யுஎஃப்டபிள்யூ என்னும் ஃபயர்வால் நிரலை வைத்திருந்தால் அதன் ஸ்டேட்டஸ் பட்டியலில் 80, 443 ஆகிய இரண்டு போர்ட்டுகளும் அனுமதிக்கப்பட்டிருக்கின்றனவா என்று பாருங்கள். தொலைவிலிருந்து எஸ்எஸ்எச் வழியாக நுழைந்து வேலை செய்பவர்கள், யுஎஃப்டபிள்யூவை இயக்குவதற்கு முன் 22 என்னும் எஸ்எஸ்எச் போர்ட்டுக்கு அனுமதி கொடுத்தாக வேண்டும். மறந்தால், தான் உள்ளே இருக்கும்போதே வெளிக்கதவைப் பூட்டிச் சாவியை எறிந்ததைப் போலாகிவிடும். டாக்கர் பயன்படுத்துபவர்கள் இன்னொன்றையும் அறிந்திருக்க வேண்டும்: டாக்கர் வெளியே திறக்கும் போர்ட்டுகள் யுஎஃப்டபிள்யூவின் விதிகளுக்குக் கட்டுப்படுவதில்லை. மூடிவிட்டதாக நீங்கள் நம்பும் போர்ட் திறந்தே இருக்கக்கூடும்.

விருந்தினர் வைஃபை என்று தனியாக ஒன்று இருந்து, கைபேசி அதில் இணைந்திருந்தால், வீட்டிலுள்ள மற்றக் கருவிகளை அது பார்க்க முடியாதபடி ரௌட்டரே தடுக்கும். அது பழுதன்று, பாதுகாப்பு ஏற்பாடு. முதன்மை வைஃபைக்கு மாறிப் பாருங்கள்.

உள்வீட்டு முகவரி பற்றி என் வீட்டில் நடந்ததைச் சொல்ல வேண்டும். பல வாரங்கள் சரியாக ஓடிக்கொண்டிருந்த தளம், ஒரு மாலை மின்சாரம் போய் வந்தபின் திறக்கவில்லை. சர்வரின் விளக்குகள் எரிகின்றன, சேவை ஓடுகிறது, ரௌட்டரில் போர்ட் அமைப்பு அப்படியே இருக்கிறது. ஒரு மணி நேரத்துக்குப் பிறகுதான், மின்சாரம் திரும்பியபோது ரௌட்டர் முகவரிகளைப் புதிதாகப் பங்கிட்டதும், 192.168.1.20 என்பது வீட்டுத் தொலைக்காட்சிக்குப் போய், சர்வர் 192.168.1.23 ஆகிவிட்டதும் தெரிந்தது. உலகத்தின் கோரிக்கைகளை எல்லாம் ரௌட்டர் அந்தத் தொலைக்காட்சிக்கு அனுப்பிக்கொண்டிருந்தது. இதைத் தவிர்க்க, ரௌட்டரின் டிஎச்சிபி பக்கத்தில் (கருவிகளுக்கு முகவரி பங்கிடும் அமைப்பில்) சர்வரின் மேக் முகவரியை, அதாவது அதன் வலையமைப்பு அட்டைக்கே உரிய அடையாள எண்ணைக் குறித்து, அதற்கென ஓர் ஐபி முகவரியை நிரந்தரமாக ஒதுக்கிவிடுங்கள். கம்பி, வைஃபை இரண்டுக்கும் வெவ்வேறு மேக் முகவரிகள் உண்டு என்பதால் எதில் இணைத்திருக்கிறீர்களோ அதற்கு உரியதை எடுங்கள். முடிந்தவரை கம்பியிலேயே இணையுங்கள்.

ரௌட்டரில் போர்ட் ஃபார்வர்டிங்

வீட்டுக்குள் திறக்கிறது, வெளியிலிருந்து மட்டும் திறக்கவில்லை என்றால் ரௌட்டரின் நிர்வாகப் பக்கத்துக்குச் செல்லுங்கள். வெளியிலிருந்து 80 மற்றும் 443 போர்ட்டுகளுக்கு வருவதை, சர்வரின் உள்வீட்டு முகவரியில் அதே எண் போர்ட்டுகளுக்கு அனுப்பும்படி இரண்டு விதிகள் இருக்க வேண்டும். நெறிமுறை டிசிபி என்று இருக்கட்டும். விதியை எழுதியபின் சேமிக்கும் பொத்தானையும், சில ரௌட்டர்களில் அதற்குப் பிறகு தனியாக இருக்கும் அப்ளை பொத்தானையும் அழுத்தினீர்களா என்று பாருங்கள். வெளியிலிருந்து பார்க்கும்போது உங்கள் தளத்துக்குப் பதிலாக ரௌட்டரின் நுழைவுப் பக்கம் வந்தால், அதன் தொலைநிர்வாக வசதி திறந்து கிடக்கிறது. வேறெதையும் செய்வதற்கு முன் அதை அணைத்துவிடுங்கள்.

வெளியிலிருந்து பார்ப்பது என்றால் உண்மையிலேயே வெளியிலிருந்து பார்க்க வேண்டும். வீட்டு வைஃபையில் இருந்துகொண்டே உங்கள் டொமைன் பெயரை அழைத்தால், கோரிக்கை ரௌட்டர் வரை போய், அங்கிருந்து வீட்டுக்குள்ளேயே திரும்பி வர வேண்டும். எல்லா ரௌட்டர்களும் இப்படித் திருப்பித் தருவதில்லை. உலகம் முழுவதற்கும் திறந்திருக்கும் தளம் உங்கள் வீட்டில் மட்டும் மூடியிருப்பதாகத் தோன்றுவது இதனால்தான். கைபேசியின் வைஃபையை அணைத்து, மொபைல் டேட்டாவில் சோதியுங்கள். இந்த ஒரு பழக்கம், இல்லாத பழுதைத் தேடி அலையும் வேலையைப் பெருமளவு குறைக்கும்.

கோரிக்கை வந்து சேர்கிறதா என்று கண்ணால் பாருங்கள்

இத்தனைக்குப் பிறகும் நேரம் முடிந்ததாகவே செய்தி வந்தால், ஊகிப்பதை நிறுத்திவிட்டு டிசிபிடம்ப் என்னும் கருவியை எடுங்கள். சர்வரின் வலையமைப்பு அட்டைக்கு வரும் ஒவ்வொரு பாக்கெட்டையும் (தரவுத் துண்டையும்) அது காட்டும்; ஃபயர்வால் தடுப்பதற்கு முன்பே அது பார்த்துவிடும் என்பதுதான் இதன் பெருமை. நிர்வாகி உரிமையுடன் அதை இயக்கி, போர்ட் 443 என்று வடிகட்டி, பெயர்களைத் தேடாமலிருக்க என் என்னும் விருப்ப எழுத்தையும் சேர்த்துவிட்டு, மொபைல் டேட்டாவில் உள்ள கைபேசியிலிருந்து தளத்தை அழையுங்கள்.

திரையில் ஒரு வரியும் வரவில்லை என்றால் கோரிக்கை சர்வரை அடையவே இல்லை. பழுது ரௌட்டரிலோ அதற்கு வெளியிலோ இருக்கிறது, சர்வரில் இனி எதையும் மாற்றாதீர்கள். வரிகள் வந்தால், சதுர அடைப்புக்குள் இருக்கும் எழுத்தைக் கவனியுங்கள். எஸ் என்னும் எழுத்து கொண்ட வரி, வந்தவர் கதவைத் தட்டியதைக் குறிக்கிறது. அதற்குப் பதிலாகச் சர்வரிடமிருந்து எஸ் எழுத்தும் ஒரு புள்ளியும் கொண்ட வரி வெளியே போனால் கதவு திறந்தது என்று பொருள். எஸ் வரி மட்டும் ஒரு வினாடி, இரண்டு வினாடி என்ற இடைவெளிகளில் மீண்டும் மீண்டும் வந்து, பதில் வரியே இல்லையென்றால் சர்வரின் ஃபயர்வால் அதை விழுங்கிவிடுகிறது. ஆர் எழுத்து கொண்ட வரி சர்வரிடமிருந்து திரும்பிப் போனால் அந்த போர்ட்டில் எந்த நிரலும் இல்லை. முதன்முறை இதைப் பார்த்தபோது எனக்கு ஏற்பட்ட நிம்மதியை மறக்க முடியாது. அதுவரை இருட்டில் துழாவிக்கொண்டிருந்தது, விளக்கைப் போட்டதுபோல் ஆனது.

ஒரு கருவி பதில் தருகிறதா என்று கேட்டுப் பார்க்கும் பிங் கட்டளையை மட்டும் இந்த இடத்தில் நம்பாதீர்கள். பல ரௌட்டர்கள் பிங்குக்குப் பதில் தராதபடியே அமைக்கப்பட்டிருக்கும். தளம் நன்றாகத் திறக்கும்போதும் பிங் தோற்கலாம். பிங் வென்றும் தளம் மூடியிருக்கலாம்.

சிஜிநாட்: உங்களுக்கென்று வெளிமுகவரியே இல்லாத நிலை

டிசிபிடம்ப் மௌனமாக இருந்து, ரௌட்டரின் விதிகளும் சரியாக இருந்தால், வீட்டு இணைப்புகளில் மிகப் பரவலான காரணம் ஒன்று காத்திருக்கிறது. ரௌட்டரின் ஸ்டேட்டஸ் பக்கத்தில் வான் முகவரி (ரௌட்டரின் வெளிப்பக்க முகவரி) என்று காட்டப்படும் எண்ணை எழுதிக்கொள்ளுங்கள். பிறகு, உங்கள் ஐபி முகவரி எது என்று காட்டும் தளம் ஒன்றை வீட்டு இணைப்பிலிருந்து திறந்து, அது காட்டும் ஐபிவி4 எண்ணையும் (புள்ளிகளால் பிரிந்த நான்கு எண்கள் கொண்ட முகவரியை) எழுதுங்கள். இரண்டும் ஒன்றாக இருந்தால் கவலையில்லை. வேறு வேறாக இருந்தால், உங்கள் ரௌட்டருக்கும் இணையத்துக்கும் நடுவே இன்னொரு முகவரி மாற்றும் அடுக்கு இருக்கிறது.

ஐபிவி4 முகவரிகள் மொத்தமே ஏறத்தாழ 429 கோடிதான். உலகப் பொதுக் கையிருப்பு 2011 பிப்ரவரியில் தீர்ந்தது. ஆசிய பசிபிக் பகுதிக்கான பதிவகம் அதே ஆண்டு ஏப்ரலில் கடைசித் தொகுதிக்கு வந்து பங்கீட்டைச் சுருக்கியது. ஆகவே ஒரே வெளிமுகவரியைப் பல வீடுகளுக்குப் பகிர்ந்து கொடுப்பது வழக்கமாயிற்று; இதுதான் சிஜிநாட். இதற்கென 100.64.0.0 முதல் 100.127.255.255 வரையிலான தொகுதி 2012 ஏப்ரலில் தனியே ஒதுக்கப்பட்டது. உங்கள் வான் முகவரி இந்த வரம்புக்குள் இருந்தால் அது சிஜிநாட் என்பது உறுதி. 10 என்று தொடங்கும் எண்ணும், 172.16 முதல் 172.31 வரையுள்ள எண்களும், 192.168 என்று தொடங்கும் எண்ணும் தனி வலையமைப்புகளுக்கு உரியவை. வான் முகவரி அப்படி இருந்தாலும் வெளியிலிருந்து நேராக வர வழியில்லை.

192.168 என்று இருந்தால் ஒரு நல்ல வாய்ப்பு உண்டு. ஃபைபர் கம்பி வந்து சேரும், சேவை நிறுவனம் தந்த ஓஎன்டி பெட்டியே ஒரு ரௌட்டராக இயங்க, அதன் பின்னால் நீங்கள் வாங்கிய ரௌட்டர் இரண்டாவதாக இயங்குகிறது என்று அது பொருள்படலாம். அப்படியானால் முதல் பெட்டியைப் பிரிட்ஜ் முறைக்கு (ரௌட்டராக இயங்காமல் இணைப்பை அப்படியே கடத்தும் முறைக்கு) மாற்றித் தரச் சொல்லலாம். இயலாவிட்டால் முதல் பெட்டியிலிருந்து இரண்டாவதற்கும், இரண்டாவதிலிருந்து சர்வருக்கும் என இரண்டு இடங்களில் ஃபார்வர்டிங் எழுதலாம்.

உண்மையான சிஜிநாட் என்றால், உங்கள் ரௌட்டரில் எந்த விதியை எழுதினாலும் பயன் இல்லை. நகரத்தின் நுழைவாயிலில் பூட்டு இருக்கும்போது வீட்டு வாசலைத் திறந்து வைப்பதால் விருந்தினர் வந்துவிட மாட்டார். செய்யக்கூடியவை சில உண்டு. சேவை நிறுவனத்திடம் நிலையான பொது ஐபி முகவரி கேட்பது முதலாவது. அதற்கு மாதந்தோறுமோ ஆண்டுக்கொரு முறையோ கட்டணம் இருக்கும். எளிய வாடிக்கையாளர் சேவையில் இதைக் கேட்கும்போது, “இணையம் வேலை செய்யவில்லை” என்று சொல்லாதீர்கள், அவர்கள் ரௌட்டரை அணைத்துப் போடச் சொல்வார்கள். “எனக்கு ஸ்டேட்டிக் பப்ளிக் ஐபிவி4 வேண்டும்” என்று சொல்லுங்கள்.

இரண்டாவது வழி, ஐபிவி4க்கு அடுத்து வந்த முகவரி முறையான ஐபிவி6. சிஜிநாட்டுக்குப் பின்னால் உள்ள பல இணைப்புகளில் ஐபிவி6 முகவரி முழுமையாகவே கிடைக்கிறது. 2 அல்லது 3 என்று தொடங்கும் முகவரி சர்வருக்கு இருந்தால் அது உலகளாவியது. அதற்கு முகவரி மாற்றமோ போர்ட் ஃபார்வர்டிங்கோ தேவையில்லை, ஆனால் ரௌட்டரின் ஐபிவி6 ஃபயர்வாலில் அந்த முகவரிக்கும் போர்ட்டுக்கும் அனுமதி எழுத வேண்டும். ஐபிவி4 மட்டும் உள்ள பார்வையாளர்களுக்குத் தளம் திறக்காது என்பதே இதன் குறை.

மூன்றாவது, சர்வரே வெளியே போய் ஒரு சுரங்கப்பாதையை அமைத்துக்கொள்வது. கிளவுட்ஃப்ளேர் டனல் அவ்வாறு இயங்குகிறது. மாத வாடகைக்கு ஒரு சிறு விபிஎஸ் (பொது முகவரி கொண்ட மெய்நிகர் சர்வர்) எடுத்து, அதற்கும் வீட்டு சர்வருக்கும் இடையே வயர்கார்ட் சுரங்க இணைப்பு அமைத்தாலும் அதே பயன் கிடைக்கும். கட்டுப்பாடு முழுவதும் நம் கையில் இருப்பதால் நான் இதையே விரும்புகிறேன். தளம் பொதுமக்களுக்கானது அன்று, நீங்களும் குடும்பத்தினரும் மட்டும் பார்க்க வேண்டியது என்றால், உங்கள் கருவிகளைத் தனி வலையமைப்பாக இணைக்கும் டெயில்ஸ்கேல் போதும். எந்த போர்ட்டையும் வெளியே திறக்க வேண்டியதில்லை. டெயில்ஸ்கேல் தன் கருவிகளுக்குக் கொடுக்கும் முகவரிகளும் அதே 100.64 வரம்பிலிருந்து வருபவை என்பதால், சர்வரில் அப்படி ஓர் எண்ணைப் பார்த்தவுடன் சிஜிநாட் என்று முடிவு கட்டிவிடாமல், ரௌட்டரின் வான் எண்ணைப் பாருங்கள்.

பெயரும் முகவரியும் பொருந்துகின்றனவா

பொது முகவரி இருக்கிறது, எண்ணை நேராக இட்டால் திறக்கிறது, பெயரை இட்டால் மட்டும் திறக்கவில்லை என்றால் டிஎன்எஸ்ஸைப் பாருங்கள். நிலையான முகவரி இல்லாத இணைப்புகளில் ரௌட்டர் ஒவ்வொரு முறை மீண்டும் இணையும்போதும் எண் மாறக்கூடும். டக் டிஎன்எஸ் போன்ற இலவச டைனமிக் டிஎன்எஸ் சேவை ஒன்றில் பதிந்து, சில நிமிடங்களுக்கு ஒருமுறை தன் முகவரியைச் சர்வரே தெரிவிக்கும்படி அமைத்தால் இது தீரும். டொமைனின் டிடிஎல் மதிப்பை (முகவரியை மற்றவர்கள் எவ்வளவு நேரம் நினைவில் வைக்கலாம் என்ற அளவை) 300 வினாடி என்று வைத்திருங்கள். 86400 என்று இருந்தால் பழைய முகவரியை உலகின் சில மூலைகள் ஒரு நாள் முழுவதும் பிடித்துக்கொண்டிருக்கும்.

வீட்டு பிராட்பேண்டிலிருந்து பார்ப்பவர்களுக்குத் திறக்கும், மொபைல் டேட்டாவில் பார்ப்பவர்களுக்கு மட்டும் திறக்காது என்ற விசித்திரமான நிலை ஒன்று உண்டு. டொமைனில் ஐபிவி4 முகவரிக்கான ஏ பதிவு சரியாக இருந்து, ஐபிவி6 முகவரிக்கான நான்கு ஏ பதிவு பழையதாகக் கிடந்தால் இப்படி நேரும். ஐபிவி6 உள்ள கருவிகள் முதலில் அந்த வழியையே முயலும் என்பதுதான் காரணம். இந்தியாவில் மொபைல் இணைப்புகள் பெரும்பாலும் ஐபிவி6 வழியாகவே செல்கின்றன. ஐபிவி6 வழியை நீங்கள் அமைக்கவில்லை என்றால் அந்தப் பதிவை நீக்கிவிடுங்கள்.

சான்றிதழ்

லெட்ஸ் என்க்ரிப்ட் 2015 டிசம்பரில் பொதுமக்களுக்குத் திறந்துவிடப்பட்ட காலம் முதல் 90 நாள் சான்றிதழ்களை இலவசமாக வழங்கி வருகிறது. செர்ட்பாட் என்னும் நிரல் அதைத் தானாகப் புதுப்பிக்கும். ஆனால் வழக்கமான சரிபார்ப்பு முறை 80 என்னும் போர்ட் வழியாகவே நடப்பதால், “எங்கள் தளம் 443 போர்ட்டில்தானே இருக்கிறது” என்று 80 போர்ட்டை மூடியவர்களுக்கு மூன்று மாதத்தில் தளம் எச்சரிக்கைத் திரையாக மாறிவிடும். காலாவதி பற்றிய மின்னஞ்சல் நினைவூட்டல்களையும் அவர்கள் 2025 ஜூனில் நிறுத்திவிட்டார்கள். பழுது பார்க்கும்போது உண்மையான கோரிக்கையைத் திரும்பத் திரும்ப அனுப்பாமல் செர்ட்பாட்டின் ட்ரை ரன் முறையில் சோதியுங்கள். ஒரே பெயருக்கு ஒரு மணி நேரத்தில் ஐந்து முறை தோற்றால் தற்காலிகத் தடை விழும்.

எஸ்எஸ்எச் மட்டும் மறுக்கும்போது

தளம் திறக்கிறது, ஆனால் தொலைவிலிருந்து எஸ்எஸ்எச் வழியாக நுழைய முடியவில்லை என்றால், முதலில் ஃபெயில்2பேன் என்னும் தடுப்பு நிரலை நிறுவியிருக்கிறீர்களா என்று நினைத்துப் பாருங்கள். அதன் இயல்பான அமைப்பில், பத்து நிமிடத்துக்குள் ஐந்து முறை கடவுச்சொல் தவறினால் அந்த முகவரியைப் பத்து நிமிடத்துக்குத் தடுத்துவிடும். அது உங்கள் முகவரியாக இருந்தாலும் அதற்குத் தெரியாது. கடவுச்சொல்லுக்குப் பதில் கீ (சாவிக் கோப்பு) கொண்டு நுழைபவர்களுக்கு அனுமதி மறுக்கப்பட்டால், சர்வரில் எஸ்எஸ்எச் அடைவு 700 என்றும், அனுமதிக்கப்பட்ட கீகளின் கோப்பு 600 என்றும் அனுமதி எண் கொண்டிருக்கின்றனவா எனப் பாருங்கள். மற்றவர்களும் எழுதக்கூடிய நிலையில் இருக்கும் கீ கோப்பை எஸ்எஸ்எச் நம்பாது.

இணைப்பு ஏற்பட்டு, சிறிய கட்டளைகள் ஓடி, நீண்ட பட்டியல் ஒன்றைக் கேட்டவுடன் திரை உறைந்துபோனால் அது பெரும்பாலும் எம்டியூ அளவின் (ஒரு பாக்கெட் இருக்கக்கூடிய உச்ச அளவின்) சிக்கல். பயனர் பெயரும் கடவுச்சொல்லும் தந்து இணையும் பிபிபிஓஇ இணைப்பில் ஒவ்வொரு பாக்கெட்டிலும் 8 பைட் உறைக்கே போய்விடுவதால் 1500 என்பது 1492 ஆகிவிடுகிறது. ரௌட்டரின் வான் பக்கத்தில் எம்டியூவை 1492 ஆக்கிப் பாருங்கள். வயர்கார்ட் சுரங்கத்துக்குள் இன்னும் குறைக்க வேண்டும். அதன் இயல்பான மதிப்பு 1420.

எல்லாம் திறந்த பிறகு

தளம் திறந்த உடனே எழுந்து போய்விடாதீர்கள். சோதனைக்காக அணைத்த ஃபயர்வாலை மீண்டும் இயக்குங்கள், தேவையற்ற ஃபார்வர்டிங் விதிகளை நீக்குங்கள், எஸ்எஸ்எச்சில் கடவுச்சொல் நுழைவை அணைத்துக் கீயை மட்டும் வையுங்கள். எஞ்சின்எக்ஸ்ஸின் அக்சஸ் லாக்கைத் திறந்து பார்த்தால், நீங்கள் யாருக்கும் சொல்லாத தளத்திலேயே வேர்ட்பிரஸ் நுழைவுப் பக்கம் இருக்கிறதா என்று தேடும் தானியங்கி நிரல்கள் வரிசையாக வந்து போயிருப்பது தெரியும். திறந்த கதவை உலகம் எவ்வளவு விரைவில் கண்டுகொள்கிறது என்பதற்கு அந்த லாக்கே சான்று.

பிறகு, வீட்டில் யாரும் முக்கியமான வேலையில் இல்லாத நேரமாகப் பார்த்து, சர்வரை முறைப்படி நிறுத்தி, ரௌட்டரையும் சர்வரையும் மின்சாரத்திலிருந்து எடுத்து, ஐந்து நிமிடம் கழித்து இரண்டையும் மீண்டும் இயக்குங்கள். எதையும் கையால் தொடங்கிவிடாமல் காத்திருந்து, மொபைல் டேட்டாவில் தளத்தைத் திறந்து பாருங்கள். திறக்கவில்லையென்றால், சிஸ்டம்சிடிஎல்லில் எனேபிள் செய்ய மறந்த சேவை, நிரந்தரமாக ஒதுக்காத உள்வீட்டு முகவரி, புதிய எண்ணைத் தெரிவிக்காத டைனமிக் டிஎன்எஸ் நிரல் ஆகிய மூன்றில் ஒன்று பெரும்பாலும் காரணமாக இருக்கும். குறித்துவைத்த தாளை எடுத்து, சர்வரின் முன் மறுபடி உட்காருங்கள்.